பதினாறு டப்பாவும் ஒரு பட்டன் பேட்டரியும்

அனுப்புநர்: புதுச்சேரிக் கடலில் மாதம் இருமுறை முழுகி எழும் ஒருவன்.

பெறுநர்: டைவ் கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனிகளின் நிர்வாகத்தார்.

பொருள்: மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒன்று வாங்க முடியாமை – தொடர்பாக.

ஐயா / அம்மா,

மனை வாங்கியபோதுகூட நான் இத்தனை பேரிடம் யோசனை கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: இந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், ஏறும்போது எங்கே நிற்க வேண்டும். உங்கள் விளம்பரத் தாளிலோ நடையளவு, தூக்க அளவு, எட்டு நிறத்தில் பட்டை. 20 மீட்டர் ஆழத்தில் எத்தனை அடி நடந்தேன் என்று யாரிடம் சொல்ல, களவாய் மீனிடமா?

உள்ளே ஓடும் கணக்கைப் பற்றிக் கேட்டால்தான் வாய் மூடிக்கொள்கிறீர்கள். 1908-இல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துப் பார்த்து, உடம்பை ஐந்து டப்பாவாகப் பிரித்துக் கணக்குப் போட்டார். பிறகு சூரிக்கில் பூல்மான் என்பவர் அதைப் பதினாறாக்கினார். ஆழத்தில் உடம்பில் ஏறும் நைட்ரஜன் சில டப்பாவில் சில நிமிடத்தில் பாதி நிறையும்; கடைசி டப்பாவில் பாதி நிறைய 635 நிமிடம். இதில் எது என் முழங்கால், எது என் தொப்பை என்று கடைக்காரரைக் கேட்டேன். எதுவுமில்லையாம், எல்லாம் கணக்குக்காக. என் ரத்தத்தை அந்தக் கருவி தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ஆழத்தையும் நேரத்தையும் வைத்து ஜாதகம் கணிக்கிறது.

ஜாதகத்திலும் இரண்டு பஞ்சாங்கம். போன மாதம் ஒரே நாளின் மூன்றாம் முழுக்கு, 18 மீட்டர். என் கையில் 9 நிமிடம் பாக்கி, கூட இறங்கியவர் கையில் 20. ஒரே கடல், ஒரே காற்று. எது குறைவோ அதைக் கேட்பதுதான் முறை. அவர் 11 நிமிடத்தை எனக்காக விட்டுக்கொடுத்து ஏறினார். படகில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கருவி எந்த அளவில் எச்சரிக்க வேண்டும் என்பதை நானே மாற்றலாமாம். திறந்து பார்த்தேன்: 40/85. தலைகீழாக எழுதிய ரத்த அழுத்தம் என்று நினைத்து டாக்டரிடம் போக இருந்தேன். மேலே வந்து சேரும்போது நைட்ரஜனுக்குப் பூல்மான் விட்ட வரம்பில் 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள் என்பதாம் அந்த 85. இதை ஒரு வரியில் அச்சடித்தால் மை தீர்ந்துவிடுமா?

பேட்டரி தனிக் கதை. என் பழைய கருவிக்குள் இருந்தது தெருமுனை வாட்ச் கடையில் கிடைக்கிற பட்டன் பேட்டரி. அதை மாற்றக் கருவியையே பார்சலில் அனுப்பி மூன்று வாரம் காத்திருந்தேன். அதற்குள் கடல் கலங்கி, சீசனும் போய்விட்டது.

ஆகவே கோருவது:

1. நாற்பத்தைந்து வயதுக்காரன் முகமூடிக்குள் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட முடியாது. எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

2. பேட்டரி மூடியை எட்டணாக் காசால் திறக்கும்படி வையுங்கள்.

3. உள்ளே எந்தப் பஞ்சாங்கம் என்று பெட்டியின் மேலேயே எழுதுங்கள். கூட இறங்குபவர் கட்டியிருப்பதையே நானும் வாங்கிவிடுகிறேன். அவரோடு பேச்சுவார்த்தை திரும்ப வேண்டும்.

பதில் உடனே வேண்டாம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி வரட்டும்.

இப்படிக்கு,
5 மீட்டரில் 3 நிமிடம் தொங்கிக்கொண்டிருப்பவன்.