சூளை வேண்டாச் சரக்கு

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர்களின் பத்தாம்பசலித்தனத்தைக் கண்டு இரங்காதிருக்க முடியவில்லை. மண்ணை அரைத்து, பிளாஸ்டர் அச்சில் வார்த்து, உலர்த்தி, 1,000 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் சுட்டு, விரிசல் கண்டதைக் கழித்த பிறகே சந்தைக்கு அனுப்புகிறார்கள். இணைய எழுத்தாளப் பெருமக்களோ, சிரசில் உள்ள களிமண் குழைந்த க்ஷணமே, ஈரம் காயுமுன் அதை உலகத்தின் பார்வைக்கு வைத்து, விருப்பக்குறிகளை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். என்னே காலச் சிக்கனம்! எரிபொருட் செலவும் மிச்சம். சுந்தரர் இவ்வூர் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது ஐதிகம். அதை ஐயுறும் நாஸ்திகர்கள், காலையில் இங்கே ஒருவர் ஏற்றிய கட்டுரை மாலைக்குள் வேறெங்கோ வேறொருவர் பெயரில், எழுத்துப்பிழை ஒன்றும் குறையாமல், கரையேறுவதைக் கண்டு தெளிவார்களாக.