விசில் ஊதினால் போதுமா?

கேள்வி: மைதானத்தில் சும்மா ஆர்வத்துக்கு ரெஃப்ரியாக ஓடுகிறவர், மேட்ச் ரிப்போர்ட் அனுப்ப மறந்தால் தண்டனையா? அந்த வெயிலே போதாதா?
- ஒரு வாசகர், லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: வெயில் ஆசைப்பட்டு வாங்கியது சார், அது கணக்கில் வராது! கால்பந்தின் 5-வது விதியே ரிப்போர்ட் கேட்கிறது: காட்டிய அட்டைகள் மட்டுமல்ல, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நடந்த ரகளையும் அதில் வேண்டும். எழுதாவிட்டால், ரெட் கார்டு வாங்கியவர் அடுத்த ஞாயிறே ‘என்ன தாதா, சௌக்கியமா?’ என்று களத்தில் நிற்பார். இங்கிலாந்தில் மறதிக்கார ரெஃப்ரிகளைச் சஸ்பெண்ட் செய்வதும் உண்டு.

2012 டிசம்பர் 9, சால்ட் லேக்கில் நடந்த மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் டெர்பி நினைவிருக்கிறதா? மோகன் பகான் வீரர் ஒடாஃபாவுக்கு ரெட் கார்டு, கேலரியிலிருந்து பறந்த கல்லில் அதே அணியின் நபிக்கு முகத்தில் காயம், இடைவேளைக்குப் பின் மோகன் பகான் ஆடவே வரவில்லை. முதலில் இரண்டாண்டுத் தடை; பிறகு அது 2 கோடி ரூபாய் அபராதமாகக் கரைந்தது. ஸ்டேடியமே சாட்சிதான், ஆனால் பாதி சாட்சி ஈஸ்ட் பெங்கால், மீதி மோகன் பகான்! விசாரிப்பவர் ஆட்ட அதிகாரிகளின் காகிதத்தைத்தானே தேடுவார்?

உங்கள் பேட்டையில் விசில் ஊதும் நண்பர் இருந்தால், ஜெயித்தது இலிஷ் மீன் கட்சியோ (ஈஸ்ட் பெங்கால்) இறால் கட்சியோ (மோகன் பகான்), சாப்பாட்டுக்கு முன்பே எழுதிவிடச் சொல்லுங்கள். சாப்பிட்டால் தூக்கம் வந்துவிடும்.