மணி போட்ட கிடை

எடின்பரா,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலியும் சித்தியின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் போனில், "லீவு நாள்ல என்னடா செய்வ?" என்று கேட்டீர்கள். மலைப் பக்கம் சைக்கிள் ஓட்டுவேன், நாயும் கூட ஓடி வரும் என்றேன். கொஞ்ச நேரம் உங்கள் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "சைக்கிள், நாயி, மேடு பள்ளம்... இதத்தானடா நான் முப்பது வருசமா ஆட்டுக்குப் பின்னால செஞ்சுக்கிட்டிருக்கேன். இதுக்கா பிளேன் ஏறிப் போன?" என்றீர்கள். அதற்கு ரோசமாக ஒரு பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் சைக்கிள். இதில் கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, மட்கார்டு கிடையாது, டைனமோ கிடையாது, செயினுக்கு மூடி கிடையாது. இத்தனை இல்லாததற்கும் சேர்த்துத்தான் விலை. அந்த விலையை இங்கே எழுத மாட்டேன், கடிதம் சித்தி கண்ணில் படும். முன் சக்கரத்துக்கு மேலே மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் காற்றடைத்த ஸ்பிரிங் உண்டு. டயருக்குள் டியூபே இல்லை. அதற்குப் பதிலாகப் பால் மாதிரி ஒரு திரவத்தை ஊற்றிவைக்கிறார்கள். முள் குத்தினால் அந்தப் பால் ஓட்டை வழியே கசிந்து, அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். நம்மூர் வேலிக்கருவை முள்ளிடம் இந்த ஜம்பம் எத்தனை நாள் செல்லும் என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சீட்டுதான். இறக்கம் வரும்போது கைப்பிடியில் இருக்கும் விசையைக் கட்டைவிரலால் அழுத்தி உட்கார்ந்தால் சீட்டு சரசரவென்று கீழே இறங்கிவிடும். எழுந்து மறுபடி அழுத்தினால் தானே மேலே வரும். உங்கள் ஹெர்குலிஸில் சீட்டு எட்டாமல் குரங்குப் பெடல் போட்டு முழங்காலைப் பேர்த்துக்கொண்டவன் நான். சீட்டு என்னைத் தேடி இறங்கி வர எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

நான் போகும் மலைக்குப் பென்ட்லாண்ட் என்று பெயர். ஊரின் தெற்கு ஓரத்திலேயே தொடங்குகிறது. மிக உயரமான உச்சியே 579 மீட்டர்தான், நம் மேற்கு மலைக்கு முன்னால் குட்டிப் பிள்ளை. ஆனால் காற்றுக்கு அது தெரியாது. இந்த மாதம் மலை முழுக்க ஹெதர் என்கிற புதர் பூத்து, கத்தரிப்பூ நிறத்தில் கிடக்கிறது.

இங்கே ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2003-ல் கொண்டுவந்தார்கள். காடோ மலையோ யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், பொறுப்பாக நடந்துகொண்டால் போதும், யாரும் நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம். பக்கத்து இங்கிலாந்தில் நடைபாதைகளில் சைக்கிளுக்கு இந்த உரிமை இல்லை. இங்கே "எவன்டா அது என் வரப்புல?" என்கிற குரலே கேட்காது. இந்த மலையில் ஓரிடத்தில் மட்டும் பட்டாளத்தார் சுட்டுப் பழகுகிறார்கள். அங்கே சிவப்புக் கொடி பறந்தால் திரும்பிவிட வேண்டும். அதைச் சட்டம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி நாய். பெயர் மணி. பார்டர் கோலி என்கிற ஜாதி, ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவிலுள்ள எல்லைச் சீமையின் ஆட்டு நாய். கறுப்பும் வெள்ளையும், நம் சிப்பிப்பாறை நாயின் ஒயில் இல்லை, ஆனால் மூளை பயங்கரம். ஒரு பண்ணையிலிருந்து நாலு வயதில் என்னிடம் வந்தது. வேலையை விட்டு நீக்கப்பட்ட நாய். காரணம், அதற்கு ஆட்டைக் கண்டால் பயம். தாய் ஆடு ஒன்று முன்காலைத் தரையில் ஓங்கி உதைத்ததும், ஓடி வந்து பண்ணைக்காரரின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாம். முன்பு ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு டப்பா பிஸ்கட் செலவில் மணி ஆக்கினேன். அதில் ஒரு சங்கடம். மலைமேல் நின்று "மணி! மணி!" என்று நான் கத்தினால், பணத்தைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து, நடந்து போகிறவர்கள் குனிந்து தரையில் தேட ஆரம்பிக்கிறார்கள்.

சைக்கிளோடு நாயை ஓட்டிப்போவதில் ஒழுங்குமுறை நிறைய உண்டு. ஏற்றத்தில் நாய் முன்னால் போகலாம், எப்படியும் என்னைவிட வேகம் அதுதான். இறக்கத்தில் பின் சக்கரத்துக்குப் பின்னால்தான் வர வேண்டும். இந்த வண்டியின் பிரேக் ஒரு வட்டத் தகடு. ஓரம் கத்திபோல் இருக்கும், நீண்ட இறக்கத்துக்குப் பிறகு தோசைக்கல்லாகச் சுடும். நாய் மூக்கை நீட்டினால் மூக்கு போச்சு. அதனால் நான் வேகமாக இறங்குவதும் கிடையாது. நாம் எவ்வளவு வேகமாகப் போனாலும் அது உயிரை விட்டாவது கூட வரப் பார்க்கும், களைத்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லாது. நாம்தான் அடிக்கடி நின்று தண்ணீர் காட்ட வேண்டும். சாப்பிட்ட கையோடு ஓடவிடவும் கூடாது.

ஒரு நாள் நடந்ததைக் கேளுங்கள். நண்பர்கள் ஆறு பேரோடு, ஹார்லா ஏரியிலிருந்து கிளென்கோர்ஸ் ஏரிக்குப் போகிற கணவாய் வழியாக ஏறினோம். கணவாயின் பெயர் மெய்டன்ஸ் க்ளூக். கடைசி எழுத்தைத் தொண்டையைச் செருமித்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால், 'ஜலதோஷமா?' என்கிறார்கள். உச்சியில் ஒரு கதவு. அங்கே இளைப்பாற நின்றபோது மணி என் பின் சக்கரத் தகட்டை முகரப் போனது. பதறிப்போய், "அவே! அவே!" என்று கத்தினேன். 'தள்ளிப் போ' என்றுதான் சொன்னதாக என் நினைப்பு.

மணியின் காது நிமிர்ந்தது. வயிறு தரையில் உரச, வில்லிலிருந்து விட்ட மாதிரி புறப்பட்டது. எங்களைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். குரைக்கவில்லை, கடிக்கவில்லை, முறைத்தே தள்ளியது. ஒருவன் வண்டியை நகர்த்தினால் அவன் முன்னால் போய்ப் படுத்து முறைக்கும். அவன் பின்வாங்குவான். இரண்டே நிமிடத்தில் ஆறு நண்பர்கள், ஏழு சைக்கிள், அந்த வழியாக வந்த வயதான தம்பதி, பழம் தின்றுகொண்டிருந்த ஒரு சிறுவன், அப்புறம் நான், எல்லோரும் கதவோரம் நெருக்கியடித்து நிற்கிறோம். சுத்தமான கிடை, சித்தப்பா! வெளியே ஒரு குட்டிகூட இல்லை. நீங்கள் பார்த்திருந்தால் அதற்கு அன்றைக்கே சம்பளம் பேசியிருப்பீர்கள்.

அந்தப் பெரியவர்தான் காப்பாற்றினார். சாவகாசமாகக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "தட்'ல் டூ" என்றார். மணி அத்தனையையும் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வந்து என் காலடியில் படுத்தது. பிறகுதான் விளக்கினார். இங்கத்திய ஆட்டு நாய்க்கு "கம் பை" என்றால் மந்தையைக் கடிகாரம் சுற்றுகிற பக்கமாகச் சுற்று என்று அர்த்தம். "அவே" என்றால் எதிர்ப் பக்கமாக. "தட்'ல் டூ" என்றால் போதும், வா. ஆக, தள்ளிப் போ என்று நான் விரட்டினதாக நினைத்தது, இவர்களை வளைத்துக் கட்டு என்று நானே இட்ட உத்தரவு. ஆட்டைக் கண்டுதான் அதற்குப் பயம். ஐ.டி. கம்பெனிக்காரர்களைக் கண்டு துளியும் இல்லை.

ஆடு என்றதும் ஞாபகம் வருகிறது. மலை முழுக்கக் கருமூஞ்சி ஆடுகள். முதுகில் அவரவர் சாயக்குறி, நாம் காது வெட்டுவதுபோல. பகலெல்லாம் பின்னாலேயே நடக்கிற ஆள் கிடையாது. ஒவ்வொரு ஆடும் தன் தாய் காட்டிக்கொடுத்த மேட்டிலேயே தலைமுறை தலைமுறையாக மேய்கிறது, வேலி இல்லாமலே எல்லை தாண்டாது என்கிறார்கள். நம்பமாட்டீர்கள், நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் நாய் ஆட்டைத் துரத்தினால் தண்டனை மோசம். 2021-ல் சட்டத்தைக் கடுமையாக்கி, 40,000 பவுன்வரை அபராதம், ஒரு வருடம்வரை ஜெயில் என்று ஆக்கிவிட்டார்கள். நம் பணத்தில் நாற்பது லட்சத்துக்கு மேல். உங்கள் கிடையை அப்படியே விலை பேசிவிட்டு, மிச்சத்துக்கு டிராக்டர் வாங்கலாம். அதனால் ஆடு கண்ணில் பட்டதுமே மணிக்குக் கயிறு போட்டுவிடுவேன். ஏப்ரல் முதல் ஜூலைவரை தரையில் முட்டையிடும் பறவைகளுக்காகவும் அப்படியே. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் சைக்கிள், காலில் சகதி. பாதி நாள் நான் ஓட்டுவதைவிடத் தள்ளுவதுதான் அதிகம். அந்த விலைக்கு வாங்கிய வண்டியை.

வீட்டுக்கு வந்ததும் உண்ணி பார்க்கும் படலம். காது மடல், தொடை இடுக்கு எல்லாம். நீங்கள் நகத்தால் கிள்ளி எறிவீர்கள். இங்கே அதற்கென்று குட்டியாக ஒரு பிளாஸ்டிக் கொக்கி விற்கிறான். தலை உள்ளே தங்காமல் திருகி எடுக்க வேண்டுமாம். நாய்க்கு மட்டுமில்லை, என் காலிலும் பார்க்க வேண்டும். உண்ணி கடித்தால் இங்கே மனுஷனுக்கும் ஒரு காய்ச்சல் வருகிறது.

உங்கள் கேள்விக்குப் பதில் இன்னும் எழுதவில்லை, தெரியும். எழுத எழுத, நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிற மாதிரியே வருகிறது. அதை விடுங்கள். ஒரு உதவி வேண்டும். நடக்கிறவர்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்கக் கூடாது, அது மரியாதையில்லை என்பதால் சைக்கிள்காரர்கள் பெல் வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். என் வண்டியில்தான் பெல் இல்லையே. முன்னால் போகும் கிடாயின் கழுத்தில் நீங்கள் கட்டியிருந்த அந்த வெண்கல மணி பரண்மேல் சும்மாதானே கிடக்கிறது? ஊருக்கு வந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

நாய்க்கு இல்லை, எனக்குத்தான். மணியின் கணக்கில் நான்தான் கிடாய்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்