மருமக மேல பழி போடாத, பேராண்டி

வாய்யா பேராண்டி. மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிக் கெடக்கு? ஈஎக்ஸ்டி4-ல பச்சையா ஓடுன டெஸ்ட்டெல்லாம் பிடிஆர்எஃப்எஸ்-ல செவப்பா நிக்குதாக்கும். ஒடனே ‘ஃபைல் சிஸ்டம் சரியில்ல தாத்தா’ங்கற. ஆமாமா, மாமியா ஒடச்சா மண்குடம், மருமக ஒடச்சா பொன்குடம். நீ எழுதுன டெஸ்ட்டு தப்புப் பண்ணுமா என்ன!

எனக்கென்ன தெரியும், ஏர் ஓட்டுன பய. இருந்தாலும் கேக்குறேன். பத்திரத்துல சர்வே நம்பர் தப்பாப் போச்சுன்னா பிளேடு வச்சா சுரண்டுற? பிழைதிருத்தல் பத்திரம்னு புதுசா ஒண்ணு எழுதிப் பதிவு பண்ற. பழசு ஆபீசுல அப்படியேதான் கெடக்கு. காப்பி-ஆன்-ரைட்டும் அதே சோலிதான். ஈஎக்ஸ்டி4 எழுதுன எடத்து மேலயே எழுதும். பிடிஆர்எஃப்எஸ் மாத்துனதைக் காலி எடத்துல எழுதிட்டு, அப்பறமாத்தான் சுட்டியத் திருப்பும். நடுவுல கரண்டு போனாலும் பழசுக்குச் சேதாரமில்ல.

இப்ப ஓன் டெஸ்ட்டைப் பாப்போம். ஃபைலை ‘ஆர்எம்’ போட்டு அழிக்கிற. மறு வரியிலயே ‘டிஎஃப்’ போட்டு, ‘எடம் எங்க?’ன்னு கழுத்தப் புடிக்கிற. ஏன்யா இம்புட்டு அவசரம்? பிடிஆர்எஃப்எஸ் கணக்கு முடிக்கிறது பரிவர்த்தனை கமிட் ஆகும்போது. சும்மா விட்டா அதுக்கு 30 செகண்டு. நடுவுல ஒரு ‘சிங்க்’ போட்டுட்டுக் கேட்டா மருவாதையாப் பதில் சொல்லும். ஸ்னாப்ஷாட் ஒண்ணு அந்த ஃபைலைப் புடிச்சுக்கிட்டு இருந்தா மட்டும், நீ எத்தனை சிங்க் போட்டாலும் எடம் திரும்பாது. அது தப்பில்ல, அதுக்குத்தான் ஸ்னாப்ஷாட்டு.

அடுத்த கூத்து. 128 எம்பிக்கு ஒரே எக்ஸ்டென்ட்டா எழுதிட்டு, நட்டநடுவுல 4 கேபியை மட்டும் மாத்துற. ‘டியூ’ இன்னும் 128-ன்னுதான் சொல்லும். வட்டுல பாத்தா 4 கேபி கூடுதலாப் போயிருக்கும். பழைய எக்ஸ்டென்ட்டுல ஒரு துண்டு உசுரோட இருந்தாலும் முழுசும் விடுதலையாகாது. எடத்தை பைட்டு பைட்டா எண்ணி ‘சரியா இம்புட்டு’ன்னு டெஸ்ட்டு எழுதுனா நீதான் தோப்ப. உள்ள இருக்கிற டேட்டா சரியான்னு பாரு, எடக் கணக்குக்குக் கொஞ்சம் தாராளம் வை.

‘சரி தாத்தா, நான் எக்ஸ்எஃப்எஸ் பக்கம் போயிர்றேன்’னு நழுவப் பாக்காத. 2016-ல, கெர்னல் 4.9-லயே அங்கயும் ரீஃப்லிங்க், அதாவது ரெண்டு ஃபைலு ஒரே எடத்தைப் பங்கு போட்டுக்கிற வித்தை, வந்தாச்சு. வட்டை நெரப்புறேன்னு ‘சிபி’யை லூப்புல விட்டிருக்கியே, 2021-ல வந்த கோர்யூட்டில்ஸ் 9.0-ல இருந்து அது முடிஞ்ச எடத்துல நகல் எடுக்காமப் பங்கு போட்டுக்கும். விடிய விடிய ஓடுனாலும் வட்டு நெறையாது. ‘ரீஃப்லிங்க்=நெவர்’னு ஒத்த வார்த்தை சேத்துப் பாரு, நெறையும்.

ஒரு எடத்துல மட்டும் ஒனக்கு வக்காலத்து வாங்குறேன். போசிக்ஸ் ஃபாலோகேட் போட்டு எடம் புடிச்சா, அந்த எடத்துல எழுதும்போது ‘எடமில்ல’ன்னு வரக்கூடாதுங்கிறது எழுதி வச்ச வாக்கு. பிடிஆர்எஃப்எஸ்-ல மொதத் தடவை எழுதுனா அந்த வாக்கு நிக்கும். வட்டு ரொம்பி வழியிறப்ப ரெண்டாந்தடவை எழுதுனா, புது எடம் தேடிக் கையை விரிச்சிரும். இங்க டெஸ்ட்டு மேல குத்தமில்ல. முதல் எழுத்தைத் தனியாச் சோதி. ரெண்டாவது எழுத்துக்கு ஏன் வேற கணக்குன்னு அங்கயே கமெண்ட்டுல எழுதி வை.

தப்பு வந்த வழியும் தெரிஞ்சுக்க. எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ்ங்கிற டெஸ்ட்டுத் தொகுப்பு எஸ்ஜிஐ கம்பெனியில எக்ஸ்எஃப்எஸ்ஸுக்குன்னு பொறந்தது. இன்னைக்குப் பொதுச் சொத்தாப் போச்சு. எழுதுன எடத்து மேலயே எழுதுற காலத்துப் பழக்கம் ஏதாவது அதுல ஒட்டிக்கிட்டு இருந்தா ஆச்சரியமில்ல.

அதுக்காக இன்னொரு கோடிக்கு ஓடாத. நாலு டெஸ்ட்டு செவந்ததும் நாப்பதுக்கும் ‘நாட்ரன்’ போட்டுத் தாண்டிட்டு, ‘எல்லாம் பாஸு’ன்னு மீசையை முறுக்குற கெட்டிக்காரனுங்களையும் பாத்தாச்சு. பரிச்சைக்கே போகாதவன் எப்படிய்யா ஃபெயிலாவான்?

விட்டுக்கொடுக்கக் கூடாதது ரெண்டு இருக்கு. எஃப்சிங்க் முடிஞ்சு கரண்டு போனா, எழுதுனது எழுதுன மாதிரி இருக்கணும். ஒரு ரீஃப்லிங்க் நகல்ல எழுதுனா இன்னொண்ணு மாறக்கூடாது. இதுல ஒரு பைட்டு பெசகுனாலும் மருமகளப் பஞ்சாயத்துல நிறுத்து, நானே முன்னால வந்து நிக்கிறேன்.

மத்ததுக்கெல்லாம், டெஸ்ட்டுல கை வைக்கிறதுக்கு முன்னால ஒத்த வரி எழுது: இது ஃபைல் சிஸ்டம் கொடுத்த வாக்கா, இல்ல ஈஎக்ஸ்டி4-ஓட பழக்கமா? பதில் எழுத வரலைன்னா கீபோர்டை விட்டு எந்திரிச்சுப் போய் மேன் பேஜைப் படி.