பிக்கப் எங்கே போச்சு?

கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சி பக்கம் போகிற சாலையில் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்வரை யாருக்கும் தன் கார்மேல் குறை தோன்றுவதில்லை. கரும்பு இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, எதிரே வருவது பஸ்ஸா பசுமாடா என்று தெரியவிடாமல், நாற்பதைத் தாண்டமாட்டேன் என்று லாரி ஆடி அசைந்து போகும்போதுதான் ‘வண்டியில பிக்கப்பே இல்ல’ என்ற ஞானம் பிறக்கிறது. ஞானம் பிறந்தவர் அடுத்த நாளே திருவண்ணாமலைக்குப் போய் நாலு பேரிடம் யோசனை கேட்கிறார். ஒருவர் கூம்பு ஃபில்டர் மாட்டச் சொல்கிறார், இன்னொருவர் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். படித்தவராகத் தெரிகிற மூன்றாமவர் ரீமேப், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் கட்டளைகளை மாற்றுவது என்கிறார், ஒன்றும் தெரியாதவர் விலை கூடின பெட்ரோலைப் போடச் சொல்கிறார். நாலு பேரும் ஏதோ ஒன்றைச் சேர்க்கத்தான் சொல்கிறார்கள். என் கட்சி வேறு. டர்போ இல்லாத காருக்குச் சேர்ப்பதில் கிடைப்பதைவிடக் கழிப்பதில் கிடைப்பது அதிகம். கழிப்பதற்கு ஜிஎஸ்டியும் கிடையாது.

காரணம் காற்று. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் என்ஜினுக்குள் ஊற்றலாம், ஆனால் அதை எரிக்கக் காற்று வேண்டும். டர்போ என்பது பேரன் வாயில் பாட்டி சோற்றைத் திணிக்கிற ஏற்பாடு. புகைக்குழாய் வழியே வீணாகப் போகிற வாயுவால் ஒரு விசிறியைச் சுழற்றி, வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அது இல்லாத என்ஜின் தன் மூச்சில் இழுத்ததை வைத்துத்தான் பிழைப்பு நடத்த வேண்டும். 998 சிசி ஆல்டோ கே10 என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு லிட்டர் காற்றை இழுக்கும், அவ்வளவுதான். கூட இழுக்க வைக்க வேண்டுமானால் என்ஜின் வேகமாகச் சுழல வேண்டும், அல்லது வருகிற காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்க வேண்டும். மூன்றாவது வழி அழுத்துவது. அதைத்தான் நாம் வாங்கவில்லை.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கூம்பு ஃபில்டரைப் பார்க்கலாம். கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் பெட்டி அசிங்கமாக இருந்தாலும் பானட்டின் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பளபளக்கும் கூம்பைத் திறந்தவாக்கில் மாட்டினால், அது ரேடியேட்டர் துப்புகிற அனலைக் குடிக்கிறது. மே மாதம் வெளியே 40 டிகிரி என்றும், லாரிக்குப் பின்னால் ஊர்கிற காரின் பானட்டுக்குள் 60 என்றும் வையுங்கள். காற்றின் அடர்த்தி 6 சதவீதம் குறைகிறது. ஆல்டோவின் 67 குதிரை சக்தியில் நாலு குதிரை அவுட். பதிலுக்கு ஒரு உறுமல் கிடைக்கிறது. காது ‘ஆகா’ என்கிறது, லாரி அதே தூரத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் இதே குடும்பத்துப் பிள்ளை. கிடைப்பதில் முக்கால்வாசி சத்தம்.

ஃபில்டர் விஷயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய பெட்டிக்குள் புது ஃபில்டர் போடுங்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் இதைச் சோதித்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் பெட்ரோல் கார்களில் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடவில்லை. வேகமெடுக்கிற நேரம் மட்டும் 6 முதல் 11 சதவீதம்வரை குறைந்தது. நம் ஊரிலோ மைலேஜுக்காக ஃபில்டரை மாற்றுகிறவர் உண்டு, பிக்கப்புக்காக மாற்றுகிறவரைக் காணோம். அதிலும் தார்ச்சாலையிலேயே கொள்ளையும் கேழ்வரகையும் பரப்பி, போகிற வருகிற கார்களை விட்டே போரடித்துக்கொள்கிற பக்கம் இது. தூசியில் பாதியைக் காற்று கொண்டுபோகிறது, மீதியை உங்கள் கார் குடிக்கிறது. சில நூறு ரூபாய்ச் சாமானில் கிடைக்கிற இந்தப் பத்துச் சதவீதத்தைப் பல ஆயிரம் ரூபாய் ரீமேப்பும் டர்போ இல்லாத என்ஜினுக்குத் தந்துவிடுவதில்லை. டர்போ காரில் அழுத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கட்டளை மாற்றலாம். இதில் கூட்டுவதற்கு அழுத்தமே இல்லையே! விலை கூடின பெட்ரோலும் அப்படித்தான். ஆக்டேன் என்பது சக்தியின் அளவு அல்ல, நேரத்துக்கு முன்னால் வெடிக்காமல் பொறுமை காக்கும் குணம். அதிகம் அழுத்துகிற என்ஜினுக்கு அந்தப் பொறுமை தேவை. சாதாரணப் பெட்ரோலுக்கென்று செய்த என்ஜினுக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை, பர்ஸுக்கு உண்டு.

இனி பெரிய கணக்கு. ஆல்டோ கே10 சுமார் 750 கிலோ. அதில் ஐந்து பேர் ஏறினால் 1,100. கரும்பு லாரியைத் தாண்ட 40லிருந்து 80க்குப் போக வேண்டும். மைலேஜ் பார்க்கிற நம் ஆள் முன்னமே ஐந்தாம் கியருக்குப் போயிருப்பார். அங்கிருந்தே மிதிக்கிறார். என்ஜின் இரண்டாயிரம் சுற்றின் அக்கம்பக்கத்தில் முனகுகிறது. 67 குதிரை என்று விளம்பரத்தில் போட்டது மிக உயர்ந்த சுற்றில் கிடைப்பது. இரண்டாயிரத்தில் லாயத்தை விட்டு வெளியே வருவது இருபத்திரண்டோ என்னவோ, மற்றவை படுத்துக்கிடக்கின்றன. காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும் சுமார் 12 விநாடி, அதாவது 200 மீட்டர் தூரம் எதிர்ச்சாலையில். அதே கார், அதே ஐந்து பேர். இரண்டாம் கியருக்கு இறங்கி, என்ஜின் கத்தக் கத்த மிதித்தால் சராசரியாக ஐம்பது குதிரை எழுந்து நிற்கும். ஐந்தரை விநாடியில் வேலை முடியும், தூரமும் தொண்ணூறு மீட்டராகச் சுருங்கும். எந்தக் கடையிலும் விற்காத இந்த டர்போ கியர் கம்பிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ‘என்ஜின் போயிடும் சார்’ என்பார்கள். போகாது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே எந்தச் சுற்றும் அந்த என்ஜினைச் செய்தவர்கள் எதிர்பார்த்ததுதான், ஆயில் மட்டும் சரியாக இருந்தால். மைலேஜ் அடி வாங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஐந்தரை விநாடிக்கு.

எடை இதற்கு அடுத்தபடி. இதில் சாட்சிக்குக் கோயம்புத்தூரைக் கூப்பிடலாம். 1980களில் அந்த ஊர் எஸ். கரிவரதன் ரேஸ் கார் செய்யப் புறப்பட்டபோது டர்போ தேடி அலையவில்லை. மாருதி 800இன் 796 சிசி என்ஜினை எடுத்தார், அதைச் சுற்றியிருந்த கதவு, பின் சீட், கூரை எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஒற்றை ஆள் உட்காரும் ஃபார்முலா மாருதி பிறந்தது. 37 குதிரையில் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்த என்ஜின் பந்தயத்துக்குப் போனது. அந்தப் பள்ளியில் பாடம் கற்ற நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னுக்கே போனார். அவர் அங்கே ஓட்டிய கார் எதிலும் டர்போ இல்லை. 1988இன் முடிவில் வெளியேற்றப்பட்ட டர்போ 2014இல்தான் திரும்பி வந்தது. 2011இல் அந்தக் கார்கள் ஓட்டுநரையும் சேர்த்துக் குறைந்தது 640 கிலோ இருக்கலாம், என்ஜின் நிமிடத்துக்கு 18,000 சுற்றுவரை போகலாம் என்பது விதி. அந்த 640 கிலோ கிட்டத்தட்ட ஒரு வெறும் மாருதி 800இன் எடை. கீழ்பென்னாத்தூர்க்காரருக்கு நான் சொல்கிற மருந்தும் இந்த இரண்டுதான், எடையைக் குறை, சுற்றைக் கூட்டு.

நாம் செய்வதோ நேர்மாறு. முன்னால் இரும்புக் குழாய் பம்பர் (2017 டிசம்பரிலேயே மத்திய அரசு வேண்டாமென்றது), டிக்கியை அடைத்துக்கொண்டு பாட்டுப் பெட்டி, மேலே கேரியர், அளவு மீறிய டயர். அந்தப் பெரிய டயர் கூடுதல் எடை என்பதோடு நிற்பதில்லை, எல்லா கியரையும் ஒரு படி உயர்த்திவிடுகிறது. உள்ளதும் போச்சு. போதாக்குறைக்குச் சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி தயாரித்தவர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கழற்றி வைத்ததற்காக யாரும் பிடிக்கமாட்டார்கள், பின் சீட்டையே பெயர்த்தெடுத்தால் தவிர.

ஏசியை நிறுத்தினாலும் இரண்டு மூன்று குதிரை மிஞ்சும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் அதைச் சொல்கிறவனை மற்ற நாலு பேரும் இறக்கிவிட்டுவிடுவார்கள். எடை குறைய அதுவும் ஒரு வழி.

கடைசி ஆட்சேபணைதான் வலுவானது. குடும்பத்துக்காக வாங்கிய காரில் குடும்பத்தையே இறக்கச் சொன்னால் எப்படி? யாரையும் இறக்க வேண்டாம், டிக்கியைத் திறந்து பாருங்கள், போதும். அரிசி மில்லுக்கு எடுத்துப்போக மறந்த மூட்டை, போன வருஷம் அத்தை வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்த மல்லாட்டை, பௌர்ணமி கிரிவலத்துக்கென்று 20 லிட்டர் தண்ணீர் கேன். பதினாலு கிலோமீட்டர் பாதை முழுக்கத் தண்ணீரும் அன்னதானமும் தருகிற ஊருக்குத் தண்ணீர் சுமந்து போகிறோம். இதையெல்லாம் எடுத்தால் ஒரு ஆள் எடை குறையும். ஒரு ஆள் என்பது 1,100 கிலோவில் ஆறு சதவீதம், கூம்பு ஃபில்டர் தின்ற நாலு குதிரைக்குச் சமம். இதற்கு மேலும் குறைக்க வேண்டுமென்றால் அடுத்த கனமான பொருள் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிற சித்தப்பாதான். அவரைத் தொடமுடியாது. பெட்ரோலுக்குக் காசு கொடுப்பவர் அவர்.