சுடாமல் ஒரு விளையாட்டா?

கேள்வி (ஒரு தந்தை, சுங்கைப் பட்டாணி): என் மகன் ‘டியர் எஸ்தர்’ என்றொரு கேம் விளையாடுகிறான். ஆளில்லாத தீவில் நடக்கிறான், நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். சுடுவதில்லை, குதிப்பதில்லை, ஜெயிப்பதுமில்லை. இதற்குக் காசு வேறு! இதெல்லாம் ஒரு விளையாட்டா?

பதில்: குனோங் ஜெராய் மலை ஏறி இறங்கியவரிடம், ‘மேலே எத்தனை பேரைச் சுட்டீர்கள்?’ என்று யாரும் கேட்பதில்லையே! உங்கள் சந்தேகம் பழையதுதான். இந்த வகைக்கு ‘வாக்கிங் சிமுலேட்டர்’ என்று பெயர் வைத்தவர்களே கிண்டலாகத்தான் வைத்தார்கள். ஆனால் ‘டியர் எஸ்தர்’ செய்தவர்கள் துப்பாக்கியை மறந்துபோய் விட்டுவிடவில்லை. போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் இருந்த டான் பின்ச்பெக், ‘ஹாஃப் லைஃப் 2’ என்ற சுடும் விளையாட்டை எடுத்து, சுடுவதை நீக்கிவிட்டால் மிச்சம் நம்மைப் பிடித்து வைக்குமா என்று 2008இல் செய்து பார்த்த ஆராய்ச்சி இது. 2012இல் மெருகேற்றி விற்பனைக்கு விட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குள் போட்ட முதல் திரும்பிவிட்டது. விற்றுவிட்டால் விளையாட்டாகிவிடுமா என்பீர்கள். ஆகாதுதான். ஆட்டம் வேறிடத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்தை ஒட்டிய ஹெப்ரிடீஸ் தீவுகளின் சாயலில் ஒரு தீவு. குறிப்பிட்ட இடத்துக்குப் போனதும் ஒரு குரல், எஸ்தருக்கு எழுதிய கடிதத்தில் சில வரிகள் வாசிக்கும். எந்த வரிகள் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஒரு கார் விபத்து நடந்தது தெரிகிறது. குற்றவாளி யார், பேசுகிறவர் யார் என்பது தெரிவதில்லை. துண்டுகளை ஒட்டவைப்பது உங்கள் மகன் பொறுப்பு. விரலுக்கு ஓய்வு, மூளைக்கு ஓவர்டைம்.

‘அதற்கு ஒரு நாவல் படிக்கலாமே?’ என்று அடுத்து கேட்பீர்கள். படிக்கட்டும், நல்லது. ஆனால் நாவலில் வரிசை எழுத்தாளர் கையில், சினிமாவில் பார்வை கேமரா கையில். இங்கே பாதை கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும், தூரத்துக் கோபுரத்தில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி நிற்பதா, குகைக்குள் இறங்குவதா என்பதை அவனே முடிவு செய்கிறான்.

கேள்வி (பீடோங் வாசகி): வெள்ளைக்காரன் தீவில் வெள்ளைக்காரன் சோகம். நமக்கென்ன இதில்?

பதில்: நமக்கு ஒரு தீவு பக்கத்திலேயே சும்மா கிடக்கிறதே, பினாங்கின் ஜெரெஜாக்! 19ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளிகளை அங்கே ஒதுக்கி வைத்தார்கள். தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த தமிழர்களையும் அம்மை, காலராவுக்குப் பயந்து அங்கேதான் தடுத்து வைத்துப் பரிசோதித்தார்கள். நம் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பாட்டன்மார் பலருக்கு மலாயா மண் என்றால் முதலில் அந்த முகாம்தான். பிறகு காசநோய் மருத்துவமனை. 1969 முதல் 1993 வரை சிறை. 1914இல் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் பினாங்குத் துறைமுகத்தில் மூழ்கடித்த ரஷ்யக் கப்பலின் மாலுமிகள் சிலருக்கும் அங்கே கல்லறை உண்டு. சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்! இத்தனை கடிதம் கிடக்கும் தீவுக்கு இன்னொருவர் கற்பனை எதற்கு? தமிழர் வாழ்க்கை விளையாட்டுக்கு ஒத்துவராது என்பதும் எடுபடாது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்தே 2023இல் வந்த ‘வெண்பா’ என்ற கேம், அடுத்த ஆண்டு பாஃப்டா விருது வாங்கியது.

ஜெரெஜாக்கை வைத்து கேம் செய்தால் நோயாளிகளின் துயரத்தைப் பேய்க்கதை ஆக்கிவிடுவார்களே என்ற பயம் மட்டும் நியாயமானது. அதற்கும் ‘டியர் எஸ்தர்’ வழி காட்டுகிறது: தூரத்தில் ஓர் உருவம் நிற்பதுபோல் தெரியும், துரத்தாது. ஜெரெஜாக் கேமில் பேய் துரத்தினால் காசைத் திருப்பிக் கேளுங்கள்.