235 மில்லிமீட்டர்: மின்காருக்கு அகன்ற டயர் பூட்டுதல் குறித்த அளவையியல் ஆய்வு

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்கக் கூடாது என்பது மரபு. அதை மீற இந்தக் கட்டுரையாளருக்குத் தகுதி போதாது. எனவே: நுதலிய பொருள், நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் மின்காரின் நான்கு சக்கரங்களையும் கழற்றி, அவற்றினும் பெரிய அலாயும் அகன்ற டயரும் பூட்டும் வழக்கம். களம், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. காலம், போனஸ் வந்த முதல் சனிக்கிழமை. கேட்போர், போடலாமா வேண்டாமா என்று ஊசலாடும் உரிமையாளர். பயன், அவர் எப்படியும் போட்டுவிடப் போகிறவர் ஆதலால், வீட்டில் சொல்வதற்குச் சில காரணங்கள்.

சக்கரம் மாற்றும் கலை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். முதலில் செய்தவர் தராத சக்கரத்தை வெளியே வாங்கிப் பூட்டும் செயலுக்கு இதைவிடப் பெரிய முன்னுதாரணம் கிடைக்காது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே தேர் ஓடுவதற்காகவும் நிற்பதற்காகவும் மாற்றினார்கள், லுக்குக்காக அன்று. ரப்பருக்குள் காற்றை அடைத்து விற்பதும் சென்னைக்குப் பழகிய தொழில். எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்துதான் தொடங்கியது.

இனிப் பாடம். டயரின் பக்கவாட்டில் 215/60 ஆர்16 95எச் என்று பொறித்திருப்பதை ஓதும் முறை வருமாறு. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் பிரெஞ்சுக்காரர் அளவும் வட்டிக்கடை அளவும் ஆங்கிலேயர் அளவும் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. 95 என்பது டயர் சுமக்கத்தக்க எடை 690 கிலோ என்பதற்கான குறி. கடையில் இதை யாரும் வாசிப்பதில்லை. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று பொருள். இதை எல்லோரும் வாசிப்பார்கள்.

டாடா நெக்ஸான் மின்கார் இந்த 215/60 ஆர்16 அளவில்தான் வருகிறது. கணக்குப் போட்டால் முழு விட்டம் 664 மி.மீ. விட்டத்தைக் காத்துக்கொண்டே அகலம் கூட்ட விரும்புவோர் 235/50 ஆர்17க்குப் போவார்கள்: 667. இந்த மூன்று மி.மீ.யை ஸ்பீடோமீட்டர் பொருட்படுத்தாது. இவர்கள் கற்றோர். மற்றோர் 235/55 ஆர்17 போடுவார்கள்: 690. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி நான்கு சதவீதம் கூடுதலாக நகரும்; மீட்டருக்கோ இந்தச் சங்கதி தெரியாது. வேகத்தையும் தூரத்தையும் முன்னைவிடக் குறைத்தே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே இவர்கள் ‘ரேஞ்ச் போச்சு’ என்று புலம்பும்போது, போனதில் நான்கு சதவீதம் போகவே இல்லை, கணக்கில் ஏறவில்லை என்று அறிக.

ஒரு பொருளை அறியக் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகள் உண்டென்பர் சைவ சித்தாந்திகள். அகன்ற டயர் வாங்குவோர் மூன்றையும் முறைப்படி பயன்படுத்துகிறார்கள். வரிசையை மட்டும் மாற்றி விடுகிறார்கள்.

முதலில் உரை. கடைப் பையன் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே கையை நுழைப்பான். டேப் சட்டைப்பையில் இருக்கும், எடுக்க மாட்டான். “மூணு விரல் கேப் இருக்கு சார், எவ்ளோ காலியா தெரியுது பாருங்க. 235 போட்டா வண்டி அப்படியே உக்காரும்.” விரற்கடை என்னும் பழைய அளவு மெட்ரிக் முறைக்குப் பின்னும் உயிரோடிருக்கும் இடங்களுள் இஃது ஒன்று. “ரேஞ்ச் குறையுமா தம்பி?” என்பார் உரிமையாளர். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார். ரெண்டு மூணு கிலோமீட்டர் இருக்கும். ஏசியில போறதுதான்.” இஃது ஆப்த வாக்கியம், எதிர்க்கேள்வி கேட்பது மரியாதையன்று.

அடுத்து காட்சி. பூட்டி முடித்ததும் உரிமையாளர் பத்தடி பின்னால் நடந்து, திரும்பி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பார். மொபைலில் படம் எடுப்பார். பிறகு ஏறி உட்கார்ந்து கிளம்புவார். அந்தக் கணத்திலிருந்து டயர் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டுபவருக்குத் தன் டயர் தெரியாது என்பது வாகன இயலின் அடிப்படை உண்மை. ஆக, பணம் கொடுத்தவர் காணாமல் பின்னால் ஆட்டோவில் வருபவர் மட்டும் கண்டு களிக்கும் இந்த அழகு, தருமக் கணக்கில் எழுதத்தக்கது.

கடைசியில் கருதல். ‘அகலம் கூடினால் தரையை அதிகமாகப் பிடிக்கும்’ என்பது அனுமானம். போலி ஏது நுழையும் இடம் இதுவே. வண்டி 1400 கிலோ. ஒரு சக்கரத்தின் பங்கு 350. காற்று 33 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ. வகுத்தால் 150 சதுர சென்டிமீட்டர். அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிது. அகன்ற டயரிலும் எடை அதே, காற்று அதே. எனவே பரப்பும் ஏறக்குறைய அதே. நீளவாக்கில் கிடந்த அட்டை குறுக்குவாக்கில் திரும்பிக்கொள்கிறது, அவ்வளவுதான். வளைவில் இது மெய்யாகவே உதவும். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வித்தியாசம் தெரியும். ஓ.எம்.ஆரில் இருப்பது யூ-டர்ன் மட்டும். அதையும் பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் எடுக்கிறோம். தண்ணீர் நிற்கும் சாலையிலோ, குறுகிய டயரைவிடக் குறைந்த வேகத்திலேயே அகன்ற டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இருப்போர் இவ்வரியை இருமுறை படிக்க.

அகன்ற டயர் மோகம் மின்காரோடு பிறந்ததன்று. பெட்ரோல் கார் காலத்திலும் இருந்தது. ஆனால் அதன் செலவைத் தலையில் கட்ட ஆள் இருந்தது. மைலேஜ் 15இலிருந்து 14 ஆனால், பங்க்கில் கலப்படம் என்போம். மெக்கானிக் சரியில்லை என்போம். போன வாரம் மச்சான் எடுத்துப் போனானே, அவன்தான் ஏறி மிதித்திருப்பான் என்போம். மின்காரில் அந்த வசதி அடியோடு போயிற்று. மின்சாரத்தில் கலப்படம் செய்ய இன்னும் யாரும் கற்கவில்லை. ஒவ்வொரு சதவீதமும் இறங்குவது திரையில் தெரிகிறது, பின்னிருக்கையிலிருந்தும் தெரிகிறது. மனித வீம்புக்கு வாட்-மணியில் ரசீது கொடுத்த முதல் வாகனம் இதுவே என்பது இவ்வாய்வின் கண்டுபிடிப்பு.

ரசீதின் விவரம்: உருளல் தடை குறைந்த டயரின் கெழுவை 0.008 என்று கொண்டால், 1400 கிலோ வண்டியை ஒரு கிலோமீட்டர் உருட்ட 30 வாட்-மணி வேண்டும். தோற்றத்துக்காக வாங்கிய டயரின் கெழு 0.010 என்றால் 38. எட்டு வாட்-மணி கேட்பதற்கு அற்பம். ஆனால் 30 கிலோவாட்-மணி பேட்டரியில், கிலோமீட்டருக்கு 150 வாட்-மணி செலவழித்து 200 கிலோமீட்டர் போன வண்டி, இனி 190இல் நிற்கும். காற்றின் பங்கு இதில் சேரவில்லை. கூடின அகலம் காற்றில் மோதும். இடைவெளி பெரிதான அலாய் அதைக் கலக்கும். பல மின்கார்களின் வீல்கள் மூடித் தட்டையாக இருப்பது, வடிவமைத்தவருக்கு ரசனை இல்லாததால் அன்று. உளுந்தூர்பேட்டையில் மதியச் சாப்பாடு என்று கிளம்பியவர் விழுப்புரத்திலேயே சார்ஜருக்கு ஒதுங்குவார். அங்கே காத்திருக்கும் நேரத்தில் குடும்பத்தார் எழுப்பும் வினாக்கள் தனி நூலுக்குரியன.

எதிர்வாதம் ஒன்றுண்டு, நேர்மையானது. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தருகிறது. முதலில் வந்த நெக்ஸான் மின்காரில் 245 நியூட்டன் மீட்டர். முன்சக்கரங்கள் ஈரத்தில் வழுக்கிச் சுற்றும். வேகம் மின்காருக்குப் பரம்பரைக் குணம்: 1899இல் மணிக்கு நூறு கிலோமீட்டரை முதன்முதலாகத் தாண்டிய கார், காமில் ஜெனாட்ஸி ஓட்டியது, மின்கார்தான். ஆகவே அகலம் வேண்டாமா? வேண்டாம். இங்கே குறை பெரிதும் ரப்பர் கலவையில். அதே 215இல் பிடிப்புக் கூடிய டயர் போட்டால் பெருமளவு தீரும். ஸ்போர்ட் பொத்தானைத் தொடாதிருந்தால் செலவில்லாமலும் தீரும்.

எதிர்த்திசையில் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. 2013இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஐ3யின் முன்டயர் அகலம் 155 மி.மீ.தான், ரிம்மோ 19 அங்குலம். உயரமும் ஒல்லியுமான அந்தச் சக்கரத்தால் காற்றிலும் மிச்சம், உருளலிலும் மிச்சம். அறிவு வென்றது என்று எழுதி முடிக்கலாம் என்றால், 2017இல் அறிவித்த ஐ3எஸ் முன்னால் 175உம் பின்னால் 195உம் போட்டுக்கொண்டு வந்து நின்றது. பத்தடி பின்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பவர்கள் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள்.

எஞ்சியவை சில. ஆஃப்செட், அதாவது ரிம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்காரும் அளவு, தப்பினால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் உள்ளே உரசும். ‘போகப் போகச் சரியாயிடும்’ என்று கடையில் சொல்வது, லைனர் தேய்ந்து வழிவிட்டுவிடும் என்ற பொருளில். ஸ்டெப்னி உள்ள வண்டிகளில் அது மட்டும் பழைய அளவிலேயே டிக்கியில் தனித்திருக்கும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு.

தீர்ப்பு: போடாதீர்கள். போட்டே தீருவேன் என்பவர் 95 என்ற அந்த எண்ணுக்குக் கீழே மட்டும் இறங்க வேண்டாம். பேட்டரியின் எடை முழுதும் அதை நம்பியே இருக்கிறது. கழற்றிய டயர்களைக் கடையிலேயே தள்ளிவிடாமல் ரிம்மோடு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ஊருக்குப் போகும்போது தேவைப்படும். மாடிப்படிக்கு அடியில் வெயில் படாமல் வைத்து, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். மாநகராட்சி ஆள் வந்து அபராதம் எழுதிவிடுவார்.